ரேடியோ ஓடியோவை லெப்டொப்புக்குக் கொடுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

எஃப்டி8 (சிறு செய்தி), ஏபிஆர்எஸ் (இருப்பிடம்), எஸ்எஸ்டிவி (படம்) என்று டேட்டா அனுப்புகிற எந்த முறையில் இறங்கினாலும், உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோ பேசுகிற ஹாம் ரேடியோக்காரருக்கு முதல் தலையிடி ஒன்றுதான். ரேடியோவின் சத்தத்தை லெப்டொப்புக்குள் கொண்டுபோக வேண்டும், லெப்டொப்பின் சத்தத்தை ரேடியோவுக்குள் விட வேண்டும். கொழும்பில் என்றால் கேட்டுப் பார்க்க ஆள் இருக்கும், சாமான் வாங்கக் கடை இருக்கும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இருக்கிற நாம் கையில் கிடைப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடியோ கோளாறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, சத்தம் போகிற வயரில் இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு போகிற எர்த் வயரில்தான் இருக்கிறது. விலை கூடிய இன்டர்ஃபேஸ் பெட்டிக்குக் காசு சேர்க்கும் முன், சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் இரண்டும் நல்ல ஃபெரைட் வளையம் (கேபிளில் மாட்டுகிற காந்தப்பொருள் வளையம்) இரண்டும் தேடிப் பாருங்கள்.

ரேடியோவுக்கும் லெப்டொப்புக்கும் நடுவே மூன்று பாதை உண்டு: வாங்கும் சத்தம், அனுப்பும் சத்தம், பிடிடி (ரேடியோவை அனுப்பச் சொல்லும் கட்டளை). கோளாறு எந்தப் பாதையில் என்று பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் செட்டிங்ஸ் திரையை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருகிவிட்டு, "இப்ப வேலை செய்யுது, எதால சரியாச்சுன்னு தெரியல" என்றால், அடுத்த விண்டோஸ் அப்டேட்டோடு பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

அனுப்பும் பக்கத்துச் சோதனைகள் எல்லாம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் எடுத்து, 4எஸ்6, 4எஸ்7 என்று அழைப்புக் குறி வைத்திருப்பவர்களுக்கு. அவர்களும் முடிந்தவரை 50 ஓம் டமி லோடில் (அன்டெனாவுக்குப் பதிலாகப் பூட்டுகிற ரெசிஸ்டர்) செய்வது நல்லது.

லெப்டொப்பில் சத்தமே விழவில்லை

முதலில் காதால் கேளுங்கள். லெப்டொப்பில் சொருகுகிற அதே ப்ளக்கை அங்கிருந்து கழற்றி, அதற்கு ஒரு ஹெட்போனைப் பொருத்திப் பாருங்கள். இரைச்சல் கேட்டால் ரேடியோவும் வயரும் சரி, கோளாறு லெப்டொப்புக்குள். கேட்காவிட்டால் விண்டோஸைத் தொடவே வேண்டாம்.

சத்தத்தை ரேடியோவின் எந்த இடத்தில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்பீக்கர் சொக்கெட்டில் எடுத்தால் வொல்யூமைக் கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும். பின்னால் உள்ள 6 பின் டேட்டா சொக்கெட்டில் எடுத்தால் வொல்யூமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒரே அளவாக வந்துகொண்டிருக்கும். இரவில் வீட்டார் தூங்கும்போது வேலை செய்ய அதுதான் வசதி. அந்த 6 பின்னில் 1 சத்தம் உள்ளே போவது, 2 எர்த், 3 பிடிடி, 4 9600 வேக டேட்டா வெளியே வருவது, 5 1200 வேக டேட்டா வெளியே வருவது, 6 ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது சத்தத்தை அடைப்பது). எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹேட்ஸ் வரை) எஃப்டி8, பிஎஸ்கே31 போன்றவற்றுக்கு 5ஆவது பின்தான் வேண்டும். கையேட்டில் உள்ள படம் பெரும்பாலும் ரேடியோவின் முகத்தைப் பார்த்து வரைந்தது. ப்ளக்கின் பின்பக்கத்தில் ஈயம் வைக்கும்போது அது கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாக மாறும். மீட்டரை பீப் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள்.

ரேடியோ பக்கம் சரியென்றால் இனி லெப்டொப். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், பிரைவசி, மைக்ரோஃபோன் என்று போனால் டெஸ்க்டொப் செயலிகள் மைக்கைப் பாவிக்கலாமா என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், மீட்டர் மட்டும் பூச்சியத்தில் கிடக்கும். இன்னொன்று, யூஎஸ்பி சவுண்ட் கார்டை வேறு துளையில் சொருகினால் விண்டோஸ் அதைப் புதுச் சாமான் என்று எண்ணி, பெயருக்கு முன்னால் 2 என்று ஒரு இலக்கம் போட்டுவிடும். மென்பொருளோ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். துளைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, எப்போதும் அதிலேயே சொருகுங்கள்.

இப்போது வருகிற லெப்டொப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபோன் ஹெட்செட் மாதிரியே நுனி இடது, அடுத்த வளையம் வலது, அதற்கடுத்த வளையம் எர்த், அடிப்பகுதி மைக். மூன்று பட்டை உள்ள சாதாரண ஸ்டீரியோ ப்ளக்கைச் சொருகினால் எர்த்தும் மைக்கும் ஒன்றாகிவிடும். லெப்டொப்பும் "இது வெறும் ஹெட்போன்" என்று முடிவுகட்டிவிடும். நான்கு பட்டை ப்ளக் போட்டு, ரேடியோவின் ஸ்பீக்கர் வயரை நேரடியாகக் கொடுத்தாலும் அதே கதைதான். அந்த மைக் முனையில் லெப்டொப் 2 வோல்ட்டுக்கு மேல் சின்ன மின்னழுத்தம் ஒன்று கொடுத்து, எதிர்முனையில் எவ்வளவு ஓம் இருக்கிறது என்று பார்க்கிறது. ஸ்பீக்கர் பக்கம் சில ஓம் மட்டும் என்பதால் ஷோர்ட் என்றே நினைக்கும்.

இதற்கு வழி, மைக் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அது மைக் இருப்பதாக லெப்டொப்பை நம்பவைக்கும். ரேடியோவின் சத்தத்தை 1 மைக்ரோ ஃபெரட் கெபாசிட்டர் வழியாகக் கொடுங்கள், டிசி ரேடியோவுக்குள் போகாது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்கு மிக அதிகம் என்பதால் கெபாசிட்டருக்கு முன்னால் 10 கிலோ ஓமும் 100 ஓமும் போட்டு நூறில் ஒரு பங்காகக் குறையுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் மைக், ஹெட்போன் என்று இரண்டு தனித் துளை உள்ள மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வாங்கலாம். நான் யாருக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன். லெப்டொப்பின் சொந்தத் துளை ஜூம் வகுப்புக்கும் பாட்டுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

சத்தம் விழுகிறது, வாட்டர்ஃபோலில் கோடும் தெரிகிறது, ஒரு வரிகூட டிகோட் ஆகவில்லை

வாட்டர்ஃபோல் என்பது வருகிற சத்தம் திரையில் ஓடும் படம், டிகோட் என்பது அந்தச் சத்தத்தை எழுத்தாக்குவது. எஃப்டி8 என்றால் முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல். 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவன் ஃபிராங்கேயும் கொண்டுவந்த இந்த முறை 15 செக்கன் கட்டங்களாக ஓடுகிறது. அதில் சத்தம் வருவது 12.64 செக்கன். உங்கள் கடிகாரம் 2 செக்கனுக்கு மேல் பிந்தினாலோ முந்தினாலோ வாட்டர்ஃபோல் அழகாக நிறையும், டிகோட் பகுதி வெறுமையாகக் கிடக்கும். இரண்டொரு வரி வந்தால் டிடி (நேர வித்தியாசம்) என்ற நிரலைப் பாருங்கள். எல்லாரும் ஒரே பக்கமாக 1.5, 1.8 என்று நின்றால் தப்பு உங்கள் கடிகாரத்தில்.

சிக்னல் கிடைக்காத தோட்டப் பக்கங்களில் லெப்டொப் நாள்கணக்கில் இணையத்தைக் காணாமல் இருக்கும், கடிகாரம் மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். ஃபோனின் ஹொட்ஸ்பொட்டை ஒரு நிமிடம் போட்டு, விண்டோஸின் நேரப் பகுதியில் சின்க் நவ் என்பதை அழுத்தினால் போதும். அதுவும் முடியாத இடம் என்றால் யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று நல்ல முதலீடு.

நேர வலயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கை நேரம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. 2006 ஏப்ரலில் திரும்பவும் இப்படி ஆக்கினார்கள், அதற்கு முன் ஆறு மணித்தியாலமாக இருந்தது. பழைய லெப்டொப்பில் வலயம் தவறாகக் கிடந்து, யாரோ கடிகாரத்தை மட்டும் கையால் சரிசெய்திருந்தால், பார்க்க நேரம் சரி, உள்ளே யூடிசி அரை மணித்தியாலம் பிழை. அரை மணித்தியாலம் 15 செக்கனால் மிச்சமின்றி வகுபடும் என்பதால் டிகோட் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கோளாறு இருப்பதே தெரியாது. ஆனால் லொக்கில் (தொடர்புகளின் பதிவேடு) பதிவாகிற நேரம் எதிர்முனைக்காரரின் நேரத்தோடு ஒத்துவராது, உறுதிப்படுத்தல் வராது. "பேசினேன், கன்ஃபர்ம் பண்ண மாட்டேங்குறாங்க" என்று குறைப்படுகிறவர் இதை ஒருமுறை பார்க்கட்டும்.

அதோடு நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுகிற கிரிட் குறியையும் பாருங்கள். கொழும்பு நண்பரின் செட்டிங்கை அப்படியே இறக்கியவர்களுக்கு எம்ஜே96 என்று இருக்கும். கிழக்கு 80 பாகை தாண்டினால் எழுத்தே மாறிவிடும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை எல்லாம் என்ஜே06. கண்டி, கம்பளை, மாத்தளை என்ஜே07.

கடிகாரம் சரியென்றால் அடுத்தது அளவு. எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் இடது கீழே உள்ள மீட்டர், வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும்போது 30 டிபி சுற்றி நிற்க வேண்டும். சிவப்பாகிற அளவுக்கு ஏற்றினால் பலமான ஒரு நிலையம் வந்ததும் மெல்லியவை எல்லாம் அடிபட்டுப் போகும். மைக் பூஸ்டை முழுதாக இறக்குங்கள். விண்டோஸின் ஓடியோ என்ஹான்ஸ்மென்ட் என்பதை அணையுங்கள். அது மனிதக் குரலைத் துலக்குவதற்காகச் செய்தது. நமக்கு வேண்டிய டோனை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். ரேடியோவிலும் நோய்ஸ் ரிடக்ஷன், நொச் இரண்டையும் அணைத்து, ஃபில்டரை அகலமாகத் திறந்து வையுங்கள். விண்டோஸின் ரெக்கோர்டிங், பிளேபேக் இரண்டு பக்கத்திலும் சாம்பிள் ரேட் 48000 ஹேட்ஸ் என்று இருக்கட்டும். பேண்ட் எதுவானாலும் எஃப்டி8க்கு ரேடியோவின் மோட் மேல் பக்கப்பட்டைதான். 40 மீட்டரில் குரலுக்குக் கீழ் பக்கப்பட்டை போட்டுவிட்டு, அப்படியே 7.074 மெகாஹேட்ஸுக்கு வந்தால் ஒன்றும் கிடைக்காது.

ஏபிஆர்எஸ் ஆட்களுக்கு இரண்டு வரி: கைரேடியோவின் ஸ்குவெல்ச்சைப் பூச்சியத்தில் வையுங்கள், பெட்டரி சேவ் என்பதை அணையுங்கள். ஸ்குவெல்ச் திறக்கும் முன்னே டேட்டா பாக்கெட்டின் தொடக்கம் போய்விடுகிறது, மிச்சம் காதுக்கு நன்றாகக் கேட்டாலும் டிகோட் ஆகாது.

உர்ர்ர் என்று ஒரு ஹம் கேட்டுக்கொண்டே இருக்கிறது

லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். ஹம் நின்றுவிட்டதா? அப்படியானால் எர்த் லூப். நிற்கவில்லையா? அன்டெனாவையும் கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால் அது ஓடியோ கோளாறே இல்லை, வெளியிலிருந்து ரேடியோ வழியாக வருகிற மின் இரைச்சல். பக்கத்து வீட்டு எல்ஈடி பல்ப், சோலார் இன்வேர்ட்டர், தேயிலை ஃபெக்டரியின் மோட்டார், எதுவாகவும் இருக்கலாம். கொழுந்து வாட்டுகிற ஃபேன்கள் இரவு முழுக்க ஓடும். ஆகவே ஃபெக்டரிக்குக் கிட்ட இருக்கிற லயத்தில் (தோட்ட வீட்டு வரிசை) இரவில் கூடி, ஃபேன் நின்றதும் குறைகிற இரைச்சல் என்றால் லெப்டொப் பக்கம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எர்த் லூப் என்பது என்ன? ரேடியோவின் பவர் சப்ளைக்கு ஒரு எர்த், லெப்டொப் சார்ஜருக்கு ஒரு எர்த். இரண்டும் சுவருக்குள் ஒருமுறை சந்திக்கின்றன. உங்கள் ஓடியோ வயரின் உறை வழியாக மேசைமேல் இன்னொருமுறை சந்திக்கின்றன. வட்டம் பூர்த்தியானதும் நம் 230 வோல்ட், 50 ஹேட்ஸ் கரண்டின் கசிவு அந்த உறைக்குள்ளே ஓடத் தொடங்கும். வாட்டர்ஃபோலின் இடது ஓரத்தில் 50, 100, 150 என்று வரிசையாகக் கோடு நின்றால் அதுதான் சாட்சி. மூன்று பின் சார்ஜரில் மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பின் சார்ஜரும் உள்ளே உள்ள சின்னக் கெபாசிட்டர் வழியாகக் கசியும். உலோக உடல் உள்ள லெப்டொப்பை விரல் நுனியால் தடவினால் சுறுசுறு என்று ஒரு கூச்சம் தெரிகிறதே, அந்தக் கசிவுதான்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்துவது. ஹம் நிற்கும்தான். அடுத்த முறை பவர் சப்ளைக்குள் ஏதாவது ஷோர்ட்டானால் ரேடியோவின் உடலே உயிர்ப்பு வயராகிவிடும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்றுகொண்டு அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரியான வழி, சத்தம் போகட்டும், எர்த் போக வேண்டாம் என்று பிரிப்பது. 600க்கு 600 ஓம் ஓடியோ ட்ரான்ஸ்ஃபோமர் அதற்குத்தான். பழைய டயல்-அப் மோடம் கார்டுகளில் இது இருக்கும். கம்பியூட்டர் திருத்துகிற கடையில் மூலையில் கிடக்கிற குப்பைப் பெட்டியைக் கிளறச் சம்மதம் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். கார்டில் டெலிஃபோன் சொக்கெட்டுக்கு ஒட்டினாற்போல் நகத்தளவுக்கு ஒரு சதுரக் கட்டி, மேலே மஞ்சள் டேப் சுற்றியிருக்கும். கழற்றும்போது ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி இழுக்காதீர்கள். உள்ளே கம்பி முடியளவு மெல்லியது, கால் அசைந்தால் வேரோடு அறும். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டிலும் தாராளமாகப் புது ஈயம் விட்டு, இரண்டும் ஒன்றாக உருகும்போது மெல்லச் சாய்த்து எடுங்கள், பிறகு மறுபக்கம். எடுத்ததும் மீட்டரில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியே ஓம் காட்ட வேண்டும், இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒன்றும் காட்டக் கூடாது.

வாங்கும் பாதைக்கு ஒன்று, அனுப்பும் பாதைக்கு ஒன்று என இரண்டு வேண்டும். லெப்டொப்பின் மைக் பக்கம் டிசி இருப்பதால் அந்தப் பக்கத்தில் 1 மைக்ரோ ஃபெரட் கெபாசிட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்றே ஷோர்ட்டாக வேலை செய்யும். இரண்டு பக்கத்து எர்த்தும் பெட்டிக்குள் எங்கும் தொடக் கூடாது. உலோக டப்பாவில் இரண்டு சாதாரண சொக்கெட்டைப் பூட்டினால் டப்பாவே அவற்றை இணைத்துவிடும். பிளாஸ்டிக் டப்பா போதும். பவர் சப்ளையின் பெரிய ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தப் புலத்தில் அது புதிதாக ஒரு ஹம்மைப் பிடித்துக்கொள்ளும்.

கரண்ட் போகிற நேரத்துக்கு என்று ரேடியோவையும், 12 வோல்ட்டை 19 ஆக ஏற்றுகிற கார் சார்ஜர் மூலம் லெப்டொப்பையும் ஒரே பெட்டரியில் ஓட்டுகிறவர்கள் கவனம். 100 வொட் ரேடியோ அனுப்பும்போது 20 அம்பியர் அளவில் இழுக்கும். ரேடியோவின் நெகட்டிவ் வயர் மெல்லியதாகவோ, முனை துருப்பிடித்ததாகவோ இருந்தால் அந்த 20 அம்பியரில் ஒரு பங்கு ஓடியோ வயரின் உறை வழியாகவும், லெப்டொப் வழியாகவும் வீடு திரும்பப் பார்க்கும். இங்கே ஹம் வெறும் எச்சரிக்கை, அடுத்தது யூஎஸ்பி துளை கருகுவது. தடித்த வயர், சுத்தமான முனை, நடுவே ட்ரான்ஸ்ஃபோமர், மூன்றும் கட்டாயம்.

கேபிளைச் சொருகியதுமே ரேடியோ அனுப்பத் தொடங்குகிறது

இது பாவ்ஃபெங் மாதிரிக் கைரேடியோக்காரரின் கோளாறு. ஃபோன் வரும்: "அண்ணே, சொருவுன ஒடனே செவப்பு லைட்டு எரியுது, நிக்கவே மாட்டேங்குது, ரேடியோ போயிருச்சா?"

"ஒண்ணும் போகல தம்பி, மொத அந்தக் கேபிளைக் கழட்டு."

இந்த ரேடியோக்களில் 3.5 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு துளை. இரண்டின் அடிப்பகுதியும் ஒன்றையொன்று தொட்டால் அதுவே பிடிடி. ஹெட்செட்டின் பொத்தான் செய்வதும் அதைத்தான். நீங்கள் மைக் வயரையும் ஸ்பீக்கர் வயரையும் லெப்டொப்பில் சொருகியதும் லெப்டொப்புக்குள் இரண்டு எர்த்தும் ஒன்றாகிவிடுகின்றன. ரேடியோவுக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்தது போலத்தான். மேலே சொன்ன ட்ரான்ஸ்ஃபோமரை மைக் பாதையில் போட்டால் எர்த் பிரிந்துவிடும், சிவப்பு விளக்கு அணைந்துவிடும். இதே ரேடியோவோடு விற்கிற யூஎஸ்பி புரோகிராமிங் கேபிளில் சத்தம் போகாது, அது சானல்களை எழுத மட்டும்.

பெரிய ரேடியோவில், லெப்டொப்பைப் போடும்போது மட்டும் தானாக அனுப்புகிறது என்றால் காரணம் வேறு. சீரியல் போர்ட்டில் பிடிடிக்குப் பாவிக்கிற ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் கோடு விண்டோஸ் எழும்பும்போது ஒருமுறை உயரும். லெப்டொப் முழுதாக எழும்பிய பின் ரேடியோவைப் போடுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் ரேடியோ பக்கத்தில் அந்த இரண்டு கோட்டையும் லோ என்று கட்டிப்போடவும் வழி இருக்கிறது.

பிடிடியே விழவில்லை

பெரும்பாலும் கேபிளின் கொம் போர்ட் இலக்கம் மாறியிருக்கும், அல்லது வேறொரு மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கும். டிவைஸ் மனேஜரில் கேபிளைக் கழற்றிச் சொருகி, எந்த வரி மறைந்து வருகிறது என்று பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் ட்ரைவர் இல்லை. லினக்ஸ் என்றால் உங்கள் பெயரை டயல்அவுட் குழுவில் சேருங்கள்.

"உங்க சிக்னல் அகலமா இருக்கு", "ரெண்டு மூணு இடத்துல தெரியுது"

நல்ல மனசுக்காரர் ஒருவர் இப்படிச் சொன்னால் நன்றி சொல்லுங்கள், பலர் சொல்லாமல் விலகிப்போவார்கள். சத்தம் அதிகம் என்பதுதான் நோய். ரேடியோவின் மீட்டரை ஏஎல்சிக்கு (அனுப்பும் அளவு மிஞ்சாமல் தடுக்கும் பகுதி) மாற்றி, டமி லோடில் டியூன் பொத்தானை அழுத்தி, மென்பொருளின் வலது ஓரத்து பவர் இழுப்பானை மெல்ல இறக்குங்கள். முள் விழுந்து விழுந்து, அசையாமல் படுக்கிற ஒரு புள்ளி வரும். அங்கே நிறுத்துங்கள். சில ரேடியோக்கள் கொஞ்சம் ஏஎல்சியைத் தாங்கும் என்று சொல்வார்கள், இருக்கலாம். முள் அசைந்தால் இறக்கு என்பதே நான் கடைப்பிடிப்பது. ஸ்பீச் பிரொசெசரும் அணைந்திருக்க வேண்டும்.

இழுப்பானை அடிமட்டத்துக்கு இறக்கினால்தான் முள் படுக்கிறது என்றால், ஹெட்போன் அளவு சத்தம் மைக் துளைக்குப் போகிறது. ஹெட்போனில் வோல்ட் கணக்கில் வருவது, மைக்குக்கு வேண்டியது மில்லிவோல்ட். அந்த 10 கிலோ ஓம், 100 ஓம் ஜோடி இங்கேயும் உதவும், 40 டிபி குறையும். பிறகு இழுப்பானை நடுவில் வைத்தே சுகமாக வேலை செய்யலாம்.

இரண்டு மூன்று இடத்தில் தெரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 800 ஹேட்ஸில் அனுப்பும்போது சத்தம் சிதைந்தால் 1600, 2400 என்று அதன் மடங்குகளும் ஃபில்டருக்குள்ளேயே விழும், எல்லாம் வானில் போகும். 1500க்கு மேல் அனுப்பினால் மடங்குகள் 3000 தாண்டி, ஃபில்டரிலேயே நின்றுவிடும். மென்பொருளில் ஸ்பிளிட் என்ற இடத்தில் ரிக் அல்லது ஃபேக் இட் என்று போட்டால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வீட்டுச் சத்தம் அல்லது விண்டோஸின் "டிங்" வானில் போகிறது

ஐசி-7300 போன்ற உள்ளேயே யூஎஸ்பி உள்ள ரேடியோவை யூஎஸ்பி-டி (இங்கே யூஎஸ்பி என்பது மேல் பக்கப்பட்டை) என்ற டேட்டா மோடில் போடாமல் சாதாரணப் பக்கப்பட்டையில் விட்டால், மேசைமேல் இருக்கிற மைக் திறந்தபடியே இருக்கும். பக்கத்துக் காம்பராவின் டிவி நாடகம் அப்படியே ஜப்பானுக்குப் போகும். டிங் சத்தத்துக்கு, விண்டோஸ் சவுண்ட் ஸ்கீமை நோ சவுண்ட்ஸ் என்று மாற்றி, டிஃபோல்ட் சாதனமாக லெப்டொப்பின் சொந்த ஸ்பீக்கரையே வையுங்கள். ரெக்கோர்டிங் பக்கத்தில் லிஸன் டு திஸ் டிவைஸ் என்பதில் சரி போட்டிருந்தால் எடுங்கள். வாங்கிய சத்தம் திரும்பி வானுக்கே போகும். வொக்ஸில் (சத்தம் வந்ததும் தானாக அனுப்பும் முறை) ஓட்டினால் இவை எல்லாம் இரட்டிப்புத் தொல்லை.

அனுப்பும்போது லெப்டொப் உறைகிறது, மவுஸ் தானாக ஓடுகிறது, யூஎஸ்பி விழுந்து எழும்புகிறது

ஆர்எஃப், அதாவது நீங்கள் அனுப்புகிற ரேடியோ அலை, உள்ளே வருகிறது. உறுதிப்படுத்த, முதலில் பவரை 5 வொட்டுக்கு இறக்குங்கள். கோளாறு மறைந்தால் நோய் அதுதான். பிறகு முழுப் பவரில் டமி லோடுக்கு அனுப்பிப் பாருங்கள். அப்போதும் உறைந்தால் மேசைமேல் உள்ள வயர்களிலும் எர்த்திலும் தேடுங்கள். டமி லோடில் சுகமாக இருந்து, அன்டெனாவில் மட்டும் உறைந்தால், அன்டெனாவுக்குப் போகிற கோஅக்ஸ் கேபிளின் வெளி உறை வழியாக ஆர்எஃப் வீட்டுக்குள் திரும்பி வருகிறது.

மலைநாட்டில் இந்த இரண்டாவது வகைதான் சாதாரணம். லயத்து முற்றத்தில் பெரிய அன்டெனா கட்ட இடம் ஏது? கூரையிலிருந்து ஒரு மரத்துக்கு ஒற்றைக் கம்பியை இழுத்து, 49க்கு 1 ட்ரான்ஸ்ஃபோமர் போட்டு ஒரு முனையில் கொடுக்கிறோம். அந்தக் கம்பிக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று வேண்டுமே! நாம் கொடுக்காவிட்டால் கோஅக்ஸின் உறையை அது எடுத்துக்கொள்ளும். அந்த உறை நேரே உங்கள் ரேடியோவுக்கும், அங்கிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாக லெப்டொப்புக்கும் வருகிறது. தகரக் கூரை பக்கத்தில் இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் கோஅக்ஸை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றி, உறையில் வரும் ஆர்எஃப்பைத் தடுக்க ஒரு சோக் போடுங்கள், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு துண்டுக் கம்பியும் கொடுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக் இருந்தால் இன்னும் நல்லது.

யூஎஸ்பி கேபிளுக்கும் ஓடியோ கேபிளுக்கும் அதே மருந்து. வளையத்துக்குள் ஒருமுறை நுழைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சுற்று இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு ஆகும். ஆகவே பெரிய வளையம் எடுத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். எச்எஃப்புக்கு 31 இலக்கக் கலவை சிறந்தது, 43ம் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் பழைய மொனிட்டர் கேபிளில் கட்டியாக இருக்கிறதே, அதன் பிளாஸ்டிக்கைக் கத்தியால் கீறி உள்ளே இருக்கிற ஃபெரைட்டை எடுங்கள். கம்பியூட்டர் பவர் சப்ளைக்குள் இருக்கிற மஞ்சளும் வெள்ளையும் பூசிய வளையம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது இரும்புத்தூள், இந்த வேலைக்கு உதவாது.

ஒரு பேண்டில் மட்டும் உறைகிறது என்றால் கேபிளின் நீளத்தைப் பாருங்கள். 28 மெகாஹேட்ஸில் கால் அலைநீளம் 2.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நீளத்துக்குக் கிட்ட உள்ள யூஎஸ்பி கேபிள், எக்ஸ்டென்ஷனோடு சேர்த்து, தானே ஒரு அன்டெனா ஆகும். கட்டை கேபிளாக மாற்றினாலே சிலவேளை தீர்ந்துவிடும்.

எஸ்எஸ்டிவி படம் சாய்ந்து வருகிறது

சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹேட்ஸில் படம் அனுப்புகிற நாட்களில் இந்தக் கேள்வி வரும். படம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சாய்ந்தால் சவுண்ட் கார்டின் கடிகாரம் கொஞ்சம் பிழை. மென்பொருளின் ஸ்லாண்ட் திருத்தத்தில் ஒருமுறை சரிசெய்தால் அந்தக் கார்டுக்கு அது நிற்கும். படி படியாக வெட்டி வெட்டி நகர்ந்திருந்தால் கடிகாரம் அல்ல, லெப்டொப் நடுநடுவே சத்தத்தைத் தவறவிடுகிறது. யூஎஸ்பி ஹப்பை விட்டு நேரே சொருகி, பிரவுசரை மூடி, பவர் சேவிங்கை அணைத்துப் பாருங்கள். பாதிப் படத்தோடு இரைச்சலாகிப் போனால் பெரும்பாலும் எதிர்மலை மறைத்துவிட்டது. பிடி120 முறையில் ஒரு படத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அவ்வளவு நேரம் வானம் திறந்திருப்பதில்லை. நிலையம் உச்சிக்குக் கிட்டக் கடந்துபோகிற பாஸைத் தெரிந்தெடுங்கள்.

கரகரவென்று விட்டு விட்டு வருகிறது, ப்ளக்கை அசைத்தால் சரியாகிறது

மே முதல் செப்டம்பர் வரை, பனிமூட்டம் ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வருகிற நாட்களில், நல்ல ப்ளக்கும் மங்கிப்போகும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பளபளப்பான 3.5 மில்லிமீட்டர் நுனியில் பழுப்பாக ஒரு படலம் தெரியும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, துளைக்குள் அதையே இரண்டு மூன்று தரம் சொருகி இழுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், பூச்சு போனால் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்தும் வந்தால் ப்ளக்கின் கழுத்தில் உறைக் கம்பி அறுந்திருக்கிறது. கழுத்தை இரண்டு அங்குலம் வெட்டிப் புது ப்ளக் போடுங்கள், பழையதன்மேல் ஈயம் அப்பிப் பயனில்லை. பாவிக்காத நேரத்தில் கேபிள்களைச் சிலிக்கா ஜெல் பக்கெட் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்கலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்குகிற பருவத்தில், கோஅக்ஸைக் கழற்றி வெளியே போடும்போது யூஎஸ்பி கேபிளையும் லெப்டொப்பிலிருந்து உருவிவிடுங்கள்.